உளநூற் சோதனையும் உயிரிரக்கமும்

உயிரின் இயல்பு யாது என்னும் வினா நம் சித்தாந்த நூல்கட்கும் மேனாட்டு உளநூலுக்கும் பொதுவாயது. ஆயின் விடைகாணும் நெறி வேறு. நம் ஆசிரியர்கள் உயிரை அதன் செயலாலும் அநுபவத்தாலும் உய்த்துணர்ந்து, அளவைகளால் நிறுவி, அவ்வுணர்ச்சியை வீட்டுநெறிக்குத் துணையாக்கினர். மேனாட்டு உளநூலாருட் பலர், நூறாண்டுக்கு மேலாக, உயிர்களைக் கூட்டிலடைத்தும், அச்சுறுத்தியும், மின்னதிர்ச்சி யூட்டியும், தாயினின்று பிரித்தும், அவை அப்போது யாது செய்கின்றன என்று அளந்தறியும் முறையைக் கைக்கொண்டனர். அம்முறையாற் பெற்ற அறிவு சிறிதன்று. அதன்பொருட்டு உயிர்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. இவ்வறிவின் பொருட்டு இத்துன்பத்தைச் செய்தல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். நம் இளைஞர் பலர் உளநூலும் மருந்துநூலும் உயிர்நூலும் பயின்று சோதனைச் சாலைகளிற் புகுகின்ற இக்காலத்தில், இது வெறும் வாதப்பொருளன்று. ஒருவர் தம் கையாற் செய்தற்குரியதா அன்றா என்று துணிய வேண்டிய செயலைப் பற்றியதாம்.

சோதனைகள் சில

முதற்கண் நிகழ்ந்தவற்றைக் காண்போம். ருஷிய நாட்டு உடலியலறிஞர் பாவ்லவ் என்பார், உணவு செரிக்கும் முறையை நாய்களிடத்து ஆராய்ந்து 1904-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் நாய்களின் உமிழ்நீர் புறத்தே வடியுமாறு அறுவை செய்து, உணவோடு ஓர் அடையாளத்தைப் பலகாற் சேர்த்துக் காட்டின், பின்னர் அவ்வடையாளம் ஒன்றே உமிழ்நீரை வருவிக்கும் எனக் கண்டார். இம்முறையை மனிதக் குழவிமேற் செலுத்தினார் அமெரிக்க உளநூலார் வாட்சன். அவரும் ரேனர் என்னும் அம்மையாரும் 1920-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழப் பதினொரு திங்கள் நிரம்பிய ஒரு குழந்தை வெள்ளெலியைத் தொட முயன்றபொழுது அதன் பின்னே இரும்புக்கோலைச் சுத்தியால் அடித்துப் பேரொலி எழுப்பியதும், அங்ஙனம் சிலமுறை செய்தபின் அக்குழந்தை எலியைக் கண்ட அளவிலேயே அழுது விலகியதும் கூறப்பட்டுள்ளன. அவ்வச்சம் முயல் முதலியவற்றினிடத்தும் பரவிற்று. அதனை நீக்குமுன்னரே குழந்தை அவ்விடம்விட்டுக் கொண்டுபோகப்பட்டது.

பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஹார்லோ என்பார், நம் வடநாட்டில் மிகுதியாய் வாழும் ரீசஸ் என்னும் குரங்கினத்தை ஆராய்ச்சிக்குக் கொண்டார். பிறந்த சிலமணி நேரத்திற்குள் குட்டிகளைத் தாயினின்று பிரித்து, கம்பியாற் செய்த தாயுரு ஒன்றையும் மெல்லிய துணி போர்த்த தாயுரு ஒன்றையும் கூட்டில் வைத்தார். பால் கம்பித்தாயினிடத்து இருந்தபோதும், குட்டிகள் அதனை உண்ணும் சிறுபொழுதொழிய ஏனைப்பொழுதெல்லாம் துணித்தாயையே தழுவிக் கிடந்தன. அன்பு உணவினின்று தோன்றுவதன்று, தழுவலை நாடுவது என்று அவர் 1958-இல் உரைத்தார். அவ்வளவின் அமையாது, குட்டிகள் சிலவற்றை மூன்று திங்களும், ஆறு திங்களும், ஓராண்டும் பிறிதோர் உயிரைக் காணாதபடி தனிமையில் அடைத்தனர். வெளிவந்த குட்டிகள் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு அசைந்தாடின. தம்முடலைத் தாமே கடித்தன. தாயன்பு அறியாது வளர்ந்த பெண்குரங்குகள் வலிதிற் கருவுறுத்தப்பட்டுக் குட்டியீன்றபோது, பல தம் குட்டிகளைப் புறக்கணித்தன. சில துன்புறுத்திக் கொன்றன. துயர நோயை உண்டாக்கிக் காணும்பொருட்டு, சரிந்த பக்கங்களை யுடைய உலோகக் குழியொன்றும் செய்யப்பட்டது. ஏறமுயன்று ஏறமுயன்று சறுக்கிய குரங்குகள் சிலநாளில் முயற்சியொழிந்து மூலையிற் குந்தின.

1967-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செலிக்மன், மையர் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நாய்களைப் பற்றியது. கட்டுண்ட நாய்களுக்கு மின்னதிர்ச்சி ஊட்டப்பட்டது. ஒரு கூட்டத்து நாய்கள் தலையாற் பலகையொன்றை அழுத்தி அதனை நிறுத்தக் கூடும். மற்றைக் கூட்டத்து நாய்கள் யாது செய்யினும் அது நிற்பதில்லை. பின்னர்த் தாண்டித் தப்பிக்கத்தக்க தாழ்ந்த தடுப்புடைய பெட்டியில் விடப்பட்டபோது, முதற்கூட்டத்தவை தாண்டின. இரண்டாங் கூட்டத்தவற்றிற் பெரும்பாலன தாண்ட முயலாது அதிர்ச்சியை ஏற்றுக்கிடந்தன. தம் செயலாற் பயனில்லை யென்பதை அவை கற்றன என்று கொண்டு, மாந்தர்தம் மனச்சோர்வுக்கும் இதனை விளக்கமாக்கினர். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 2016-இல், அவ்விருவருமே தம் கொள்கையைத் திருப்பி யெழுதினர். நெடிய துன்பத்தில் செயலற்றுக் கிடத்தல் கற்றதன்று, மூளையின் இயல்பான எதிர்ச்செயல். கற்கப்படுவது துன்பத்தை அடக்கலாம் என்னும் உணர்வே என்பது அவர்தம் பிற்றைத் துணிபு.

உயிரின் ஒருமைப்பாடு

இனி நம் சித்தாந்தம் கூறுவதென்னை? பதி, பசு, பாசம் என்னும் மூன்றனுள், பசு என்பது ஆணவமலத்தாற் கட்டுண்ட எல்லா உயிர்கட்கும் பொதுப்பெயர். அச்சொல்லால் மனிதனும் நாயும் குரங்கும் ஒருங்கே குறிக்கப்படுவர். உயிர்கள் எண்ணில, ஒவ்வொன்றும் என்றுமுள்ளது, ஒவ்வொன்றும் அறிவு, இச்சை, செயல் என்னும் ஆற்றல்களை யுடையது. அவ்வாற்றல்களை ஆணவம் மறைத்து நிற்ப, மாயையினின்று தோன்றும் உடலும் கருவிகளும் வினைக்கேற்பக் கூட்டப்பட்டுச் சிறிது விளக்குகின்றன. ஒருவன் அகன்ற பலகணி வழியாக நோக்குகின்றான். மற்றொருவன் சிறுதுளை வழியாக நோக்குகின்றான். காணும் பரப்பு வேறாயினும் காண்பான் காண்பானே. அதுபோல மனிதவுடலும் விலங்குடலும் கருவியளவில் வேறாவனவன்றி, உயிரென்னும் பொருளளவில் வேறாவன அல்ல.

இக்கொள்கையை நம் புராணங்கள் கதையாகக் காட்டும். திருவானைக்காவில் வழிபட்ட சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்தது. கரிக்குருவி உபதேசம் பெற்றதும், நாரை முத்தி பெற்றதும் திருவிளையாடற் புராணத்தாற் போதரும். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கன்றையிழந்த பசுவின் துயரை வழக்காகவே ஏற்றமை பெரியபுராணத்திற் காணப்படும்.

மேனாட்டிலோ, பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட்டு என்பார் விலங்குகளைப் பொறிகளாகக் கருதினார். டார்வின் என்பார் 1872-இல் வெளியிட்ட நூலில், மக்கள் விலங்குகள் என்னும் இருதிறத்தாரும் மெய்ப்பாடுகளை வெளிப்படுத்தும் முறையில் தொடர்புடையர் என்று காட்டினார். 2012-இல் கேம்பிரிட்ஜ் நகரிற் கூடிய நரம்பியலறிஞர் சிலர், பாலூட்டிகள் யாவும், பறவைகளும், வேறு சில உயிர்களும் உணர்வுநிலைக்கு வேண்டிய நரம்பமைப்பை யுடையன என்று அறிக்கை யிட்டனர். நாம் உயிர்க்கொள்கையாற் பெற்றதனை அவர்கள் நரம்பியலால் ஒருவாறு நெருங்கினர் எனலாம். எனினும் உடலின் வேறாய உயிரை அவ்வறிக்கை நிறுவிற்றென்று நாம் மிகைபடக் கூறலாகாது.

சோதனையாளர்க்கு நேரும் இடர்ப்பாடு

இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றும். குரங்கின் மனநிலை மனிதன் மனநிலையை ஒப்பதா, ஒவ்வாததா? ஒவ்வாதெனின், குரங்கின் துயரிலிருந்து மனிதக்குழவியின் துயரை அறிதல் கூடாமையின் சோதனை பயனற்றதாம். ஒப்பதெனின், குழவிக்குச் செய்யலாகாதென்று விலக்கிய கொடுமையைக் குரங்கிற்குச் செய்தற்கும் அவ்விலக்கே தடையாம். ஒப்புமையைப் பயன்கொள்ளும்போது மட்டும் ஏற்று, இரக்கம் வேண்டும்போது விடுதல் நடுவுநிலையன்று.

அற்றேல், முற்றும் ஒப்பதென்றோ முற்றும் ஒவ்வாதென்றோ கொள்ளாது, பயன்தரும் அளவிற்கு ஒப்பதென்றும், உரிமை கோரும் அளவிற்கு ஒவ்வாதென்றும் கொள்ளுவேம் எனின்: மருந்துச் சோதனைகள் சிலவற்றிற்கு அவ்விடை ஒருவாறு பொருந்தினும் பொருந்தும். ஈரலும் சிறுநீரகமும் ஒத்து, அறிவு வேறுபட்டிருத்தல் கூடும் ஆதலின். உளநூற் சோதனைக்கோ அது சிறிதும் பொருந்தாது. என்னை? ஆண்டு ஒப்பதாகக் கொள்ளப்பட்டதே அச்சமும் துயரும் கையறவும் அன்றோ? அன்றியும், உடலை அறுக்கும் ஆராய்ச்சியில் மயக்கமருந்தால் நோவை விலக்கலாம். ஆண்டு நோவு ஆராய்ச்சியின் பொருளன்று. துயரை ஆராயும் சோதனையில் துயரை விலக்கின் ஆராய்ச்சியே இல்லை. ஆகலின் அங்குத் துன்பம் தவிர்க்கவியலாது உடன்நிகழ்வதன்று, கருதிச் செய்யப்படுவதாம். இவ்வேறுபாட்டை நன்கு மனங்கொளல் வேண்டும்.

தடைகளும் விடைகளும்

இனி, எதிர்வாதிகள் கூறத்தக்க தடைகளை எடுத்து ஆராய்வாம்.

முதலாவது, பெரும்பயன் பற்றியது. ஹார்லோவின் சோதனைகளால், குழந்தைகளைத் தழுவாது வளர்த்தலே நன்றென்ற கொள்கை வீழ்ந்தது. அதனால் எண்ணிறந்த குழந்தைகள் நலம்பெற்றனர் என்பர். அச்சோதனைகள் அறிஞர் பலரைத் தெருட்டின என்பது உண்மையே. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அவ்வறிவு அதற்கு முன்னரே வேறு நெறியாற் கிடைத்திருந்தது. போல்பி என்னும் ஆங்கில மருத்துவர், தாயைப் பிரிந்த குழந்தைகள் எய்தும் கேட்டினைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் பொருட்டு 1951-இல் விரிவான அறிக்கை யெழுதினார். அதற்கு ஆதாரம், போராலும் வறுமையாலும் முன்னரே தாயை யிழந்து விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்த குழந்தைகளைக் கண்டோர் எழுதிய குறிப்புகள். ஒரு துன்பத்தை நீக்கப் புகுந்து அதன் இயல்பை அறிதல் ஒருநெறி; துன்பத்தைப் படைத்து அதன் இயல்பை அறிதல் மற்றொரு நெறி. முன்னதிற் பிறந்த அறிவே போதியதாயிருந்தும், அளவிட்டுக் காட்டவில்லை யென்று பின்னது நாடப்பட்டது.

இரண்டாவது, நம்மவரே சிலர் கூறுவது. விலங்கு தன் பழவினையாலன்றோ அவ்வுடலையும் அத்துன்பத்தையும் பெற்றது; சோதனை செய்வான் அவ்வினை ஊட்டுதற்கு ஒரு வாயில்; அவன்மேற் குற்றமென்னை என்பர். இது வினைக்கொள்கையை அரைகுறையாக அறிந்தார் கூற்று. நுகர்வானுக்கு வருவது பிராரத்தம். அதனை வாயிலாக நின்று செய்வானுக்கு, அவனது இச்சையும் முயற்சியும் பற்றி ஆகாமியம் ஏறும். வினையைக் கூட்டுவிப்பவன் இறைவனே. அப்பொறுப்பை நாம் மேற்கொள்ளுதற்கு நம்மை ஒருவரும் ஏவினாரில்லை. இவ்வாதம் மெய்யாயின், ஏழையை அடிப்பானும், குழவியைக் கொல்வானும் குற்றமற்றவராய் முடிவர். ஆகலின் அது வாதமன்று. இரங்காமைக்குப் போர்த்த போர்வையாம்.

மூன்றாவது, மிக நுண்ணியது. அதனாலேயே மிகவும் ஆராயத்தக்கது. இறைவன் உயிர்களைப் பிறவியிற் செலுத்தித் துன்பத்தை நுகர்விக்கின்றான் என்றும், அது மறக்கருணை யென்றும் சைவர் கூறுகின்றீர். மருத்துவன் நோயாளியை அறுத்துச் சுடுதலையும் அதற்கு உவமை யாக்குகின்றீர். நற்பயன் கருதிச் செய்யும் துன்பம் அருளேயாமெனின், ஆராய்ச்சியாளன் செய்வதும் அத்தகையதன்றோ என்பது கடா. அற்றன்று. மருத்துவன் எவனை அறுக்கின்றானோ அவனுக்கே நலம் நாடுகின்றான். இறைவன் எவ்வுயிரை ஒறுக்கின்றானோ அவ்வுயிரின் மலம் நீங்குதற் பொருட்டே ஒறுக்கின்றான். தனக்கென ஒருபயனும் குறித்தானல்லன். துன்பமும் அதன் பயனும் ஓருயிரிடத்தே சேர்தலே மறக்கருணைக்கு உயிர்நிலை. சோதனைச் சாலையிலோ துன்பம் நாய்க்கு, பயன் பிறர்க்கு, புகழ் சோதனை செய்தார்க்கு. குழியிற் குந்திய குரங்கிற்கு அக்குழியால் விளைந்த நலம் யாது? இவ்வொரு வினாவிற்கு விடையின்மையே, அச்செயல் அருட்செயலின் வேறென்பதை நிறுவும். இத்தகைய துன்பத்தைப் பிறர்பொருட்டுத் தாமே விரும்பி ஏற்றல் அறிவு நிரம்பிய மனிதர்க்குக் கூடும். அது தியாகமும் ஆம். விலங்கிற்கும் குழவிக்கும் அங்ஙனம் உடன்படுதல் இல்லை. உடன்படாதார் மேல் ஏற்றிய தியாகம் தியாகமன்று.

தாயை வேட்டையில் இழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டிற்கு ஆலவாய்ப் பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து முலையூட்டிய திருவிளையாடலை ஈண்டு நினைவு கூர்க. தாயற்ற குட்டியின்பாற் பேரறிவுடைய பொருள் செய்தது அது. நம் காலத்துச் சிற்றறிவு செய்தது, தாயுள்ள குட்டியைத் தாயற்றதாக்கிக் கம்பித்தாயைக் கொடுத்தது.

சோதனை செய்வார்க்கு விளைவது

உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது நம் நூல்களின் துணிபு. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிர் தான் சார்ந்த பொருளின் இயல்பைத் தன்னியல்பாகக் கொள்ளும். தனிமையைச் சார்ந்த குட்டி அன்பறியாத் தாயானதும் அத்துணிபிற்கு இயைபுடையதே. ஆயின் அவ்விதி கூட்டினுள் இருந்த உயிர்க்கு மட்டும் உரியதன்று. கூட்டின் புறத்தே குறிப்பேடும் கையுமாய் நின்ற உயிர்க்கும் உரியதாம்.

இதற்கு உளநூலே சான்று தந்தது. யேல் பல்கலைக்கழகத்து மில்கிராம் என்பார் 1961-இல் தொடங்கிச் செய்து 1963-இல் வெளியிட்ட சோதனையில், நாற்பது ஆடவர், பக்கத்து அறையில் உள்ளவன் தவறிழைக்குந்தோறும் மின்னதிர்ச்சியைப் படிப்படியாக மிகுக்குமாறு ஏவப்பட்டனர். உண்மையில் அதிர்ச்சி இல்லை. அஃது அவர்க்குத் தெரியாது. பலர் வியர்த்தும் நடுங்கியும், ஆராய்ச்சி தொடரவேண்டும் என்று அதிகாரி கூறிய அளவில் தொடர்ந்தனர். நாற்பதின்மருள் இருபத்தறுவர் 450 வோல்ட் என்னும் இறுதியளவு வரை சென்றனர். நடிப்பென்று அறிந்ததனாற்போலும் அங்ஙனஞ் செய்தனர் என்று ஐயுற்ற ஷெரிடன், கிங் என்னும் இருவர், மனிதனுக்கீடாக ஒரு நாய்க்குட்டியை வைத்து, மெய்யாகவே அதிர்ச்சி யூட்டி, அம்முடிவை 1972-இல் வெளியிட்டனர். மாணவர் பதின்மூவரும் மாணவியர் பதின்மூவருமாகிய இருபத்தறுவருள், மாணவியர் அனைவரும் மாணவருள் எழுவரும் இறுதிவரை சென்றனர். இவர்கள் கொடியரல்லர். கற்றோர் இருக்கையில் அமர்ந்து ஆராய்ச்சியின் பெயரால் ஒருவர் ஆணையிட, அதனைச் சார்ந்து அதன் வண்ணமாயினர். சோதனைச் சாலையிற் புகும் நம் மாணவர் அஞ்சவேண்டுவது தம் கொடுமையையன்று, தம் சார்பையே என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மறுதலையாக ஒன்றுண்டு. மாசர்மனும் அவர்தம் துணைவரும் 1964-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரீசஸ் குரங்குகள் சங்கிலியை இழுத்து உணவு பெறப் பழக்கப்பட்டன. பின்னர்ச் சங்கிலியை இழுத்தால் எதிர்க்கூட்டிலுள்ள குரங்கிற்கு அதிர்ச்சி பாயுமாறு செய்யப்பட்டது. அதனைக் கண்டபின் ஒரு குரங்கு ஐந்து நாளும், மற்றொன்று பன்னிரண்டு நாளும் சங்கிலியை இழாது பட்டினி கிடந்தன. அதிர்ச்சி யூட்டிய மனிதர் ஆராய்ச்சி வேண்டிற்று என்றனர். பசித்த குரங்கு தன் உணவையும் வேண்டாது விட்டது. கருவி குறைந்த உயிரிடத்து இரக்கமும், கருவி மிகுந்த உயிரிடத்து அதன் குறைவும் காணப்படின், கருவிப்பெருமை பற்றித் தருக்குதற்கு இடமுண்டோ?

சட்டமும் சைவர் கடமையும்

உலகம் இத்துறையில் சிறிது சிறிதாக விழித்துள்ளது. ஜெர்மானிய மருத்துவர்தம் கொடுமைகளை விசாரித்த நூரெம்பெர்க் மன்றம் 1947-இல் வகுத்த விதிகளுள் முதலாவது, சோதனைக் குட்படுவான் தானே விரும்பி உடன்படல் வேண்டுமென்பது. ஆயின் அவ்விதிகளுள்ளேயே, மனிதர்மேற் செய்யும் சோதனை விலங்குகளின்மேற் செய்த சோதனையின் முடிவுகளைத் தழுவியிருத்தல் வேண்டும் எனவும் கூறப்பட்டது. மனிதனைக் காத்த விதி விலங்கினைக் காவாது விட்டது. 1959-இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர், கூடுமிடத்து விலங்கிற்கு மாற்றுக் காணல், எண்ணைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்றனையும் வகுத்து நூல் செய்தனர். நம் நாட்டில் 1960-இல் இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நூலும் உருவமைப்பும் திரைப்படமும் போதிய இடங்களிற் சோதனையைத் தவிர்க்குமாறு பார்த்துக்கொள்ளலை அதற்கென அமையுங் குழுவின் கடமையாக்கிற்று. ரீசஸ் குரங்குகளை வெளிநாட்டிற்கு அனுப்புதலை 1978-இல் இந்தியா நிறுத்திற்று.

இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் இவை தாழ்ந்த எல்லை. சைவர் நிற்றற்குரிய எல்லை இதனின் உயர்ந்தது. அதனை வரையறுத்துக் கூறுவாம். அச்சம், துயர், கையறவு என்பவற்றை வேண்டுமென்றே விளைத்துக் காணும் சோதனையிற் சைவர் கைகலத்தல் ஆகாது. முன்னரே துன்புற்ற உயிர்க்கு உதவி, அவ்வுதவியின் வழியே கற்றல் தகும். குறை மதிப்பெண்ணுக்கும் பட்டத் தாழ்விற்கும் அஞ்சாது மறுத்துரைக்கும் மாணவரை நம் சபைகள் தாங்குதல் வேண்டும். உயிர்காக்கும் மருந்தின் பொருட்டு நிகழ்வனவற்றில், நாம் அம்மருந்துகளை யுண்டு வாழ்கின்றோமாதலின், பிறரைப் பழித்துத் தம்மைத் தூயராக எண்ணுதல் பொருந்தாது. இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்து முதற்கண் குரங்கின் சிறுநீரகத்தில் வளர்த்த கிருமியாற் செய்யப்பட்டது. அக்குரங்குகளுட் பல நம் நாட்டினின்று சென்றவை. அவ்வுயிர்கட்கு நாம் கடன்பட்டவர். கடன்பட்டார் செய்யத்தக்கது, மாற்றுநெறிகளைத் தேடுவார்க்குப் பொருளும் அறிவும் உதவி, அக்கடன் மேலும் வளராதபடி காத்தல்.

பசுக்களெல்லாம் ஒரு பதியின் உடைமை. பிறனுடைமையைக் கேளாது எடுத்துச் சிதைத்தல் உலகவழக்கிலும் குற்றமாம். உடையான் அறியாதபடி மூடத்தக்க கூடு ஒன்றும் எந்தச் சோதனைச் சாலையிலும் இல்லை என்பதைச் சைவராகிய நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.